எண்டெவர் ஷட்டிலோட கடைசிப் பயணம்: திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகளும் பதில்களும்

ஸ்பேஸ் ஷட்டில் (ராக்கெட் மாதிரி விண்வெளிக்குப் போயிட்டு விமானம் மாதிரி ரன்வேல வந்து இறங்குன நாசாவோட கலம்) பத்தி எங்க பேச்சு வந்தாலும் யாராவது ஒருத்தர் அந்த ஃபோட்டோவ அனுப்பிடுவாங்க: ரெண்டு பக்கமும் கடை, வீடு, சிக்னல் கம்பம், நடுவுல ரோட்ட அடைச்சுக்கிட்டு ஒரு ஷட்டில். அதுக்கப்புறம் வர்ற கேள்விங்க கிட்டத்தட்ட ஒண்ணேதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்குப் பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல சேத்துட்டேன், கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய வச்சிருக்கேன்.

அந்த ஃபோட்டோ நெஜம்தானா? இல்ல எடிட்டா?

நெஜம்தான். 2012 அக்டோபர் 12ல இருந்து 14 வரைக்கும் எண்டெவர் ஷட்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஏர்போர்ட்டுல இருந்து கலிஃபோர்னியா சயின்ஸ் சென்டர் அருங்காட்சியகத்துக்கு ஊருக்குள்ள இருக்குற சாதாரண ரோடு வழியாவே போச்சு. சுமார் 19 கிலோமீட்டர். ஜனங்க ராத்திரி முழுக்க ரோட்டோரம் சேர் போட்டு, புள்ளைங்கள தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு பாத்தாங்க.

எண்டெவர் எது? நெறைய பேர் சொல்றாங்க, கொழப்பமா இருக்கு.

விண்வெளிக்குப் போன அமெரிக்க ஷட்டில் மொத்தம் அஞ்சு: கொலம்பியா, சேலஞ்சர், டிஸ்கவரி, அட்லாண்டிஸ், எண்டெவர். என்டர்பிரைஸ்னு இன்னொண்ணு உண்டு, அது 1977ல பறந்து தரையிறங்குற சோதனைக்கு மட்டும் பயன்பட்டது, விண்வெளிக்குப் போகவே இல்ல.

1986ல சேலஞ்சர் வெடிச்சுப் போனதுக்கு மாத்தா கட்டினதுதான் எண்டெவர், அதனால இதுதான் கடைக்குட்டி. கலிஃபோர்னியால பாம்டேல்ங்குற ஊர்ல கட்டினாங்க. 1992 மே மாசம் முதல் பயணம், 2011 ஜூன் 1 கடைசியா தரையிறங்குச்சு, மொத்தம் 25 பயணம். ஹப்பிள் தொலைநோக்கிக்கு 1993ல முதல் ரிப்பேர் பாத்தது இதுதான், சர்வதேச விண்வெளி நிலையத்தோட முதல் ரெண்டு பகுதிய 1998ல ஒண்ணா இணைச்சதும் இதுதான்.

நல்லாத்தானே ஓடிட்டு இருந்துச்சு, ஏன் நிறுத்தினாங்க?

2003ல கொலம்பியா விபத்துக்கு அப்புறம், விண்வெளி நிலையத்த கட்டி முடிச்சதும் ஷட்டில நிறுத்திடலாம்னு 2004லயே முடிவெடுத்துட்டாங்க. ஆபத்தும் அதிகம், செலவும் அதிகம். எண்டெவர் தேஞ்சு போய் நிறுத்தப்பட்டது இல்ல, திட்டமே முடிஞ்சதால நின்னது.

கல்பனா சாவ்லா போன ஷட்டில் இதுவா?

இல்ல. கல்பனா சாவ்லா 1997லயும் 2003லயும் ரெண்டு தடவையும் போனது கொலம்பியால. 2003 பிப்ரவரி 1 அன்னைக்கு திரும்பி வரும்போது அது உடைஞ்சு, உள்ள இருந்த ஏழு பேரும் இறந்துட்டாங்க. அதனால கொலம்பியாவுக்கு இந்த மாதிரி ஊர்வலமும் கிடையாது, மேடையும் கிடையாது. சேகரிச்ச பாகங்கள ஃப்ளோரிடால இருக்குற கென்னடி விண்வெளி மையத்துல பத்திரமா வச்சிருக்காங்க, ஆராய்ச்சிக்கு குடுக்குறாங்க. 2015ல இருந்து அங்க ஒரு நினைவுக் கூடம் இருக்கு, கொலம்பியாவோட ஜன்னல் சட்டமும் சேலஞ்சரோட உடம்புல கொடி வரைஞ்ச ஒரு பகுதியும் அங்க பாக்கலாம். அங்க போறவங்க அட்லாண்டிஸ் ஷட்டில மட்டும் பாத்துட்டு அந்தக் கூடத்த விட்டுட்டு வந்துடாதீங்க.

சுனிதா வில்லியம்ஸ் 2006ல போனது டிஸ்கவரி, 2007ல திரும்பினது அட்லாண்டிஸ். அதுவும் எண்டெவர் இல்ல.

ராக்கெட் மாதிரி விண்வெளிக்கே போனது, ஃப்ளோரிடால இருந்து கலிஃபோர்னியாவுக்கு தானா பறந்து போக முடியாதா?

முடியாது. பின்னாடி இருக்குற மூணு பெரிய இன்ஜினும் கெளம்பும்போது எட்டரை நிமிஷம்தான் எரியும், அதுக்கு வேண்டிய எரிபொருள் முழுக்க வெளிய மாட்டியிருக்குற ஆரஞ்சு கலர் டேங்க்ல இருக்கும், அந்த டேங்க கழட்டி விட்டதோட இன்ஜின் வேலையும் முடிஞ்சுது. திரும்பி வரும்போது ஷட்டில் வெறும் கிளைடர், ஒரு தடவ ரன்வேய விட்டா சுத்தி வந்து மறுபடி இறங்குறதுக்கு வழியே இல்ல.

அதனால ஷட்டில் ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குப் போகணும்னா 747 விமானத்தோட முதுகுலதான் போகும். இது வழியனுப்புறதுக்காக புதுசா செஞ்ச ஏற்பாடு இல்ல. ஃப்ளோரிடால வானிலை மோசமா இருந்தா கலிஃபோர்னியா எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துல இறக்குவாங்க (சுனிதா திரும்பினப்போ அப்படித்தான் ஆச்சு), அங்கேர்ந்து திரும்ப முதுகுல ஏத்திக்கிட்டு வருவாங்க.

விமானத்து முதுகுல எப்படி நிக்கும்? விழுந்துடாதா?

மூணு எடத்துல மாட்டுவாங்க, முன்னாடி ஒண்ணு, பின்னாடி ரெண்டு. ஷட்டிலோட வயித்துல டேங்க மாட்டுற அதே மூணு புள்ளிதான். ஏவும்போது வர்ற பாரத்தையே தாங்குன எடம், அதனால அங்க பயம் இல்ல. பிரச்சன காத்துல. முதுகுல இவ்வளவு பெரிய உருவம் இருந்தா விமானத்தோட வாலுக்குப் போற காத்து கலங்கிடும், அதுக்காக அந்த 747 வாலோட ரெண்டு முனையிலயும் கூடுதலா செங்குத்து தகடு வச்சிருக்காங்க, படத்துல உத்துப் பாத்தா தெரியும். ஷட்டிலோட பின்பக்கம் இன்ஜின் தெரியாம கூம்பு மாதிரி ஒரு மூடி போட்டிருப்பாங்க, அதுவும் காத்துக்காகத்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. மாட்டுற தூண்ல சின்னதா ஒரு எழுத்து: 'ஷட்டில இங்க மாட்டவும், கருப்புப் பக்கம் கீழ இருக்கணும்'னு. அங்க வேல பாத்தவங்க யாரோ ஆசையா எழுதி வச்சது.

இவ்வளவு பாரத்தோட போறதால ஒரே மூச்சுல சுமார் 1,850 கிலோமீட்டர்தான் போக முடியும், அதனாலதான் வழில இறங்கி இறங்கிப் போச்சு.

மழ பேஞ்சா என்ன பண்ணுவாங்க?

மழைக்குள்ள போகவே மாட்டாங்க. ஷட்டிலோட அடில இருக்குற கருப்பு ஓடுங்க சிலிக்கா நாரால ஆனது, ஆயிரம் டிகிரிக்கு மேல சூட்ட தாங்கும், ஆனா வேகமா வந்து அடிக்குற மழைத்துளிய தாங்காது, பொத்தல் போட்டுடும். அதனால முன்னாடி ஒரு விமானம் வானிலைய பாத்துக்கிட்டே போகும், பின்னாடி இது வரும். எண்டெவர் 2012 செப்டம்பர் 17 கெளம்ப வேண்டியது, வானிலை சரியில்லாம 19தான் கெளம்புச்சு.

ஃப்ளோரிடால இருந்து எந்த வழியா போச்சு?

19ஆம் தேதி கென்னடி மையத்துல கெளம்பி, ஹூஸ்டன் எல்லிங்டன் ஃபீல்டுல ராத்திரி தங்கல். மறுநாள் எல் பாசோல எரிபொருள் நிரப்பிட்டு, அரிசோனால டூசான் மேல ஒரு சுத்து, எட்வர்ட்ஸ்ல இறங்குச்சு. டூசான் ஏன்னா எண்டெவரோட கடைசி பயணத்துக்குத் தலைவரா இருந்த மார்க் கெல்லியும், 2011 ஜனவரில அந்த ஊர்ல துப்பாக்கிச்சூட்டுல உயிர் பொழச்ச அவர் மனைவி கேபி கிஃபர்ட்ஸும் இருக்குற ஊர் அது. அவங்களுக்கான மரியாதை.

21ஆம் தேதி சாக்ரமெண்டோ, சான் ஃபிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பாலம், அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ்ல ஹாலிவுட் எழுத்து, கிரிஃபித் வானாய்வகம்னு தாழப் பறந்து காட்டிட்டு ஏர்போர்ட்டுல இறங்குச்சு. கென்னடிலயும் எட்வர்ட்ஸ்லயும் ஷட்டில ஏத்தி இறக்க அப்ப தனி கட்டமைப்பே இருந்துச்சு, இங்க கிடையாது, அதனால ரெண்டு பெரிய கிரேன் வச்சு தூக்கி இறக்குனாங்க.

வெறும் 19 கிலோமீட்டருக்கு மூணு நாளா? அப்படி என்ன கஷ்டம்?

இறக்கை அகலம் கிட்டத்தட்ட 24 மீட்டர், நீளம் 37 மீட்டர், வாலோட உயரம் 17 மீட்டருக்கு மேல, எடை சுமார் 70 டன். இந்த அளவ ஒரு காயிதத்துல எழுதி வச்சுக்கிட்டு உங்க தெருவுல நின்னு பாருங்க, புரியும். கரண்ட் கம்பி, சிக்னல், தெருவிளக்கு, மரக்கெள எல்லாம் வழியில. நம்மூர்ல தேரோட்டத்துக்கு முன்னாடி ஈபி ஆளுங்க வந்து கம்பிய கழட்டி வுடுற மாதிரி அங்கயும் பண்ணாங்க, சிக்னல் கம்பத்த கழட்டி, ஷட்டில் தாண்டுனதும் திரும்ப மாட்டி. ரோட்டுக்கு அடில போற குழாய்ங்க நசுங்கக் கூடாதுன்னு பல எடத்துல இரும்புத் தகடு விரிச்சாங்க.

ஓட்டுறதுக்கு லாரி இல்ல. தானா நகர்ற நாலு மேடை வண்டி, மொத்தம் 160 சக்கரம், ஒவ்வொரு சக்கரமும் தனியா திரும்பும், அதனால பக்கவாட்டுல கூட நகத்தலாம். கையில ஜாய்ஸ்டிக் பெட்டி வச்ச ஒரு ஆள் அத இயக்க, ரெண்டு இறக்க முனைலயும் ஆளுங்க நடந்துக்கிட்டே 'இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு, நிறுத்து'ன்னு சொல்லிக்கிட்டு வந்தாங்க. அதிகபட்ச வேகமே மணிக்கு 3 கிலோமீட்டர்தான். சில எடத்துல இறக்கைக்கும் கட்டிடத்துக்கும் நடுவுல கை வைக்குற அளவுதான் எடம், வண்டிய முன்ன பின்ன நகத்தி நகத்திதான் தாண்டுனாங்க. சனிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேரணும்னு திட்டம், மரத்தாலயும் வண்டில வந்த சின்னச் சின்ன வேலையாலயும் தாமதமாகி ஞாயித்துக்கிழமைதான் போய்ச் சேந்துச்சு.

இவ்வளவு பாடு ஏன்? இறக்கைய கழட்டி தனியா ஏத்திட்டுப் போய் அங்க மாட்டிக்கலாமே?

இந்தப் பக்கத்துலயே முக்கியமான கேள்வி இதுதான், மத்த எல்லா பதிலும் இதுக்குள்ளதான் இருக்கு. ஷட்டிலோட இறக்கை கழட்டி மாட்டுறதுக்குன்னு செஞ்சது இல்ல, உடம்போட நிரந்தரமா சேத்து கட்டுனது. மேல 20,000க்கும் மேல ஓடுங்க, ஒவ்வொண்ணுக்கும் தனி வடிவம், தனி நம்பர், கையால ஒட்டுனது. இறக்கைய பிரிக்கணும்னா அந்த ஓடுகள பேத்து எடுக்கணும், உள்ள போற வயரிங், குழாய் எல்லாத்தையும் வெட்டணும். திரும்ப சேத்து வச்சா பாக்க ஷட்டில் மாதிரி இருக்கும், ஆனா 25 தடவ விண்வெளிக்குப் போய் நெருப்புல வந்த அந்த உடம்பு அது இல்ல. 'ஒடைக்காம கொண்டு போறோம்'னு முடிவெடுத்ததும் மரம், கம்பி, பாலம், மூணு நாள், எல்லாமே அதோட விளைவா வந்துடுச்சு. என்னக் கேட்டா அந்த ஒரு முடிவுதான் இந்தப் பயணத்துலயே பெரிய விஷயம்.

ஹெலிகாப்டர்ல தூக்கலாமேன்னும் கேப்பாங்க. இப்ப பயன்பாட்டுல இருக்குறதுலயே பெரிய ஹெலிகாப்டர் மி-26, அதுவே 20 டன்தான் தூக்கும். இது 70 டன்.

ஒரு பொம்மைய காட்சிக்கு வைக்க 400 மரத்த வெட்டுறது நியாயமா?

பொம்மை இல்ல, ஆனா ஷட்டில் போறதுக்காக வழில சுமார் 400 மரத்த வெட்டுனது உண்மைதான், கோவம் புரியுது, அந்த ஊர்க்காரங்களுக்கே அந்தக் கோவம் இருந்துச்சு. வழி போன எடம் இங்கிள்வுட்டும் தெற்கு லாஸ் ஏஞ்சலஸும், கறுப்பின மக்களும் லத்தீன் மக்களும் அதிகம் வாழுற, ஏற்கனவே நிழல் கம்மியா இருக்குற பகுதிங்க. பணக்காரங்க ஏரியாவா இருந்தா இப்படி வெட்டியிருப்பீங்களான்னு அவங்க கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. மரம் வளந்து நிழல் குடுக்க இருபது முப்பது வருஷம் ஆகும், கன்னு நட்டா உடனே ஈடாகாது.

அந்த எதிர்ப்பாலதான் நல்லது நடந்துச்சுன்னு நான் நெனைக்கிறேன். மொதல்ல வெட்டுன ஒரு மரத்துக்கு ரெண்டு நடுறோம்னு சொன்ன அருங்காட்சியகத்துக்காரங்க அப்புறம் ஆயிரத்துக்கும் மேல மரம் நடுறோம், ஒடஞ்ச நடபாதைய சரி பண்றோம், நட்ட மரத்த பராமரிக்கிறோம்னு ஒத்துக்கிட்டாங்க. மார்ட்டின் லூதர் கிங் பேர்ல இருக்குற ரோட்டுல, அவர் நினைவா வச்ச பைன் மரங்க இருக்கு. அதுல கை வைக்கவே இல்ல. அந்த மரங்களுக்கு நடுவுல ஷட்டில இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி, மணிக்கணக்கா எடுத்து தாண்ட வச்சாங்க. தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம். மரத்துக்காக ஷட்டில் காத்துக்கிட்டு நின்னது எனக்கு ரொம்ப சரியாப் படுது, முடிஞ்ச எல்லா எடத்துலயும் அப்படிப் பண்ணியிருக்கலாம்.

டொயோட்டா பிக்கப் வண்டி இழுத்ததுன்னு சொல்றாங்களே, அது விளம்பரம்தானே?

விளம்பரமும்தான், ஆனா இழுத்தது நெஜம். 405 நெடுஞ்சாலைக்கு மேல போற பாலத்த தாண்டும்போது, மேல சொன்ன 160 சக்கர வண்டியோட எடைய பாலம் தாங்காதுன்னு, எடை கம்மியான வேற ஒரு சக்கர மேடைல ஷட்டில மாத்துனாங்க. அதுக்கு சொந்த இன்ஜின் இல்ல, யாராவது இழுக்கணும். டொயோட்டா டன்ட்ரா வண்டிய மாட்டி இழுத்தாங்க. சமதரைல நல்ல சக்கரத்து மேல இருக்குற பாரத்த மெதுவா உருட்ட அதோட எடைல ஒரு சின்னப் பங்கு விசை போதும், அதனால இது நடந்ததுல மாயம் ஒண்ணும் இல்ல. தூக்குறது வேற, உருட்டுறது வேற.

அருங்காட்சியகத்துல இருக்குறது ஒரிஜினலா? இன்ஜின் எல்லாம் டூப்ளிகேட்டாமே?

உடம்பு, இறக்கை, ஓடு எல்லாம் ஒரிஜினல். மூணு பெரிய இன்ஜின் மட்டும் கழட்டி எடுத்துட்டாங்க, அந்த ஆர்எஸ்-25 இன்ஜின்ங்கள நாசா அடுத்த பெரிய ராக்கெட்டான எஸ்எல்எஸ்க்கு பயன்படுத்துது. இப்ப வெளிய தெரியுறது டம்மி இன்ஜின்.

மூக்குலயும் வால் பக்கத்துலயும் இருக்குற சின்ன இன்ஜின்ங்களுக்கு ஹைட்ரசின் வகை எரிபொருள், சுவாசிச்சாலே ஆபத்து. அதனால அந்தப் பகுதிகள தனியா கழட்டி நியூ மெக்சிகோல வொயிட் சேண்ட்ஸ் நிலையத்துக்கு அனுப்பி, சுத்தம் பண்ணி திரும்ப மாட்டுனாங்க. இதெல்லாம் கழட்டி மாட்டுறதுக்குன்னே வடிவமைச்ச பாகங்க, இறக்கை மாதிரி இல்ல. பக்கத்துல போய் பாத்தா ஓடு மேல நெருப்பு நக்கிட்டுப் போன கோடு அப்படியே இருக்கும், புது ஓடு கருகருன்னும் பழசு சாம்பல் பூத்தும் தெரியும்.

மத்ததெல்லாம் எங்க இருக்கு? அதுங்களும் இப்படித்தான் போச்சா?

டிஸ்கவரி வாஷிங்டன் பக்கத்துல ஸ்மித்சோனியன்ங்குற அருங்காட்சியக நிறுவனத்தோட உத்வார்-ஹேஸி மையத்துல. வாஷிங்டனோட டல்லஸ் (Dulles) ஏர்போர்ட்ட ஒட்டியே இருக்குறதால 2012 ஏப்ரல்ல விமானத்துல வந்து இறங்கி நேரா உள்ள போயிடுச்சு, மரப் பிரச்சனையே இல்ல. அட்லாண்டிஸ் கென்னடி மையத்தோட பார்வையாளர் வளாகத்துலயே, அங்க 43.21 டிகிரி சாய்ச்சு, சரக்குக் கதவ தெறந்து, விண்வெளில மெதக்குற மாதிரி வச்சிருக்காங்க.

என்டர்பிரைஸ் நியூயார்க்ல இன்ட்ரெபிட்ங்குற அருங்காட்சியகக் கப்பல் மேல. ஏர்போர்ட்டுல இருந்து படகுல வரும்போது காத்து தள்ளி ஒரு ரயில் பாலத்தோட தடுப்புல இறக்க முனை உரசிடுச்சு, அப்புறம் அதே 2012ல சாண்டி புயல்ல கூடாரம் சரிஞ்சு வாலும் அடி வாங்குச்சு.

ரஷ்யாக்காரங்களும் ஒண்ணு வச்சிருந்தாங்களே?

புரான். 1988ல ஆள் இல்லாம ஒரே ஒரு தடவ விண்வெளிக்குப் போயிட்டு வந்துச்சு. 2002ல கஜகஸ்தான்ல இருக்குற பைக்கோனூர் ஏவுதளத்துல கொட்டகைக் கூர இடிஞ்சு விழுந்து நொறுங்கிப் போச்சு, கூரை வேல பாத்தவங்களும் இறந்தாங்க. அதோட சோதனை விமானம் ஒண்ணு 2008ல ரைன் ஆத்துல படகுல வந்து ஜெர்மனில ஸ்பேயர் அருங்காட்சியகத்துல இருக்கு.

எண்டெவர இப்ப செங்குத்தா நட்டுட்டாங்களாமே, ஏன்?

ஆமா, ஏவுறதுக்குத் தயாரா நிக்குற மாதிரி. 2024 ஜனவரி கடைசில ராத்திரியோட ராத்திரியா கிரேன்ல தூக்கி நிமிர்த்தி டேங்கோட மாட்டுனாங்க. இதையும் நாசா, விமானப்படை எடங்களுக்கு வெளிய இதுக்கு முன்னாடி யாரும் செஞ்சதில்ல. அந்த ஆரஞ்சு டேங்க் பேரு இடி-94, பறக்காம மிஞ்சிப் போன நெஜமான டேங்க். 2016ல நியூ ஆர்லியன்ஸ்ல இருந்து படகுல பனாமா கால்வாய் தாண்டி வந்துச்சு. ஷட்டில விட ஒல்லி, அதனால மரம் எதையும் வெட்டாம ஒரே நாள்ல ரோட்டத் தாண்டிடுச்சு.

நிமிர்த்தி வச்ச பின்னாடிதான் சுத்தி கட்டிடத்த எழுப்புனாங்க. நிலநடுக்கம் வர்ற ஊருங்குறதால அடில தடிமனான கான்கிரீட் மேடை, அது ஆறு அதிர்வுத் தாங்கிங்க மேல உக்காந்திருக்கு, தரை ஆடுனா மேடை அதோட சேந்து ஆடாம மெதுவா அசையும்.

டிஸ்கவரிய ஹூஸ்டனுக்கு கொண்டு போகப் போறாங்களாமே, அதையும் இப்படியே செய்யலாமே?

விண்வெளி வீரர்களுக்கு பயிற்சி குடுத்த ஊர், எல்லா பயணத்தையும் இயக்குன ஊர், ஆனா 2011ல எந்த ஷட்டில் எந்த ஊருக்குன்னு நாசா பட்டியல் போட்டப்போ ஹூஸ்டனுக்கு ஷட்டில் கிடைக்கல. அந்த வருத்தம் நியாயமானது, நானும் ஒத்துக்குறேன். 2025 ஜூலைல அமெரிக்காவுல நிறைவேறுன சட்டத்துல, வீரர்கள் பயணம் பண்ண ஒரு விண்கலத்த அங்க கொண்டு போக 85 மில்லியன் டாலர் ஒதுக்குனாங்க, டெக்சாஸ் செனட்டர்கள் மனசுல இருக்குறது டிஸ்கவரிதான். 2012லயே முழு உரிமையும் எங்களுக்கு வந்துடுச்சுன்னு ஸ்மித்சோனியன் சொல்லுது.

உரிமைய விடுங்க, வழிய பாருங்க. முதுகுல தூக்குன ரெண்டு 747ம் ஓய்வு பெத்தாச்சு, ஒண்ணு பாம்டேல்ல நிக்குது, எண்டெவர தூக்கிட்டுப் போனது ஹூஸ்டன்லயே டம்மி ஷட்டில் ஒண்ண முதுகுல வச்சுக்கிட்டு நிரந்தரமா காட்சிக்கு நிக்குது. விமானம் இல்லன்னா ரோடும் படகும்தான், உத்வார்-ஹேஸி ஆத்தங்கரைல இல்ல. பிரிச்சுதான் எடுத்துட்டுப் போகணும்ங்குற பேச்சு அங்கதான் வருது, அப்படிப் பிரிச்சா என்ன ஆகும்னு இறக்கைய கழட்டுற கேள்விலயே சொல்லிட்டேன். அதனால டிஸ்கவரி இருக்குற எடத்துலயே இருக்கணும்ங்குறதுதான் என் கருத்து. அத பாக்க நுழைவுக் கட்டணமும் கிடையாது, கார் நிறுத்துறதுக்கு மட்டும்தான் காசு.